ஜே.என்.யு.: யாருடைய சுவர்?

இரவுச் சாப்பாட்டுக்கு வந்து உட்காரும் மாணவன் முதலில் செய்யவேண்டிய வேலை, தட்டு வைக்க இடம் ஒதுக்குவது. மேஜை முழுக்கத் தாள்கள். ஒன்று இடதுசாரி அமைப்பின் குற்றச்சாட்டு. அதன் பக்கத்திலேயே எதிரணியின் மறுப்பு. இரண்டையும் சேர்த்துச் சாடும் மூன்றாவது தாள். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) விடுதி மெஸ்களில் பல பத்தாண்டுகள் ராஜ்மா சாதத்துடன் சேர்த்தே பரிமாறப்பட்டது இந்தச் சமாசாரம். இந்தியில் இதற்குப் பெயர் பர்ச்சா. நம் ஊரில் துண்டுப் பிரசுரம். முதலில் சைக்ளோஸ்டைல், பிறகு ஜெராக்ஸ். பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் நிரப்பிய ஒரே தாளில் விடுதித் தண்ணீர்த் தட்டுப்பாடும் இருக்கும், பாலஸ்தீனமும் இருக்கும். சாப்பிட்டு முடித்தபின் அதே மெஸ்ஸில் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பொதுக்கூட்டம் நடக்கும். பேச வருகிறவர் பேராசிரியராக இருக்கலாம், எம்.பி.யாக இருக்கலாம். கேள்வி கேட்கிறவர் போன வாரம் சேர்ந்த முதலாண்டு மாணவியாகவும் இருக்கலாம்.

மெஸ் மேஜை மாலைப் பதிப்பு என்றால் சுவர் காலைப் பதிப்பு. ஆரவல்லிக் குன்றுகளின் பாறையும் முள்மரமுமான சுமார் ஆயிரம் ஏக்கர் நிலத்தில் எழும்பிய சிவப்புச் செங்கல் கட்டிடங்கள் அவை. சமூக அறிவியல் புலம், மொழிப் புலம் எனப் பல கட்டிடங்களின் வெளிச்சுவர்களில் ஆளுயரத்தையும் தாண்டிய சுவரொட்டிகள் இருந்தன. அச்சகத்தில் அடித்தவை அல்ல. தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, இரவு முழுக்கக் கண் விழித்துத் தூரிகையால் தீட்டியவை. பகத் சிங், அம்பேத்கர், விவேகானந்தர், பெரியார் என எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. படம் சுமாராக இருந்தால் கேலி செய்யவும் ஆட்கள் இருந்தார்கள்.

வெளியிலிருந்து வருகிற பார்வையாளருக்கு இது அரசியல் அலங்காரமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு இதுதான் செய்தித்தாள். உதவித்தொகை நின்றதா, நூலகம் எத்தனை மணி வரை, யார் மீது ஒழுங்கு நடவடிக்கை, எந்தத் துறையில் இடங்கள் குறைந்தன என்பதெல்லாம் நிர்வாகத்தின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கும்தான். ஆனால் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், கோப்பு எண்ணுடன், அலுவலக ஆங்கிலத்தில் இருக்கும். பிகாரின் ஒரு கிராமத்திலிருந்தோ ஒடிசாவின் மலைப் பகுதியிலிருந்தோ முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு அந்தச் சுற்றறிக்கையை 'இதனால் உன் பாக்கெட்டில் இவ்வளவு குறையும்' என்று மொழிபெயர்த்துச் சொன்னவை பர்ச்சாவும் சுவரும். மொழிபெயர்ப்பில் கட்சிச் சாயம் இல்லாமல் இருக்குமா? இருந்தது, தாராளமாகவே. ஆனால் ஒன்பது மணிக்கு ஒரு அமைப்பு மிகைப்படுத்தினால் பத்து மணிக்கு இன்னொன்று அதைக் கிழித்துத் தோரணம் கட்டியது.

2015 அக்டோபர் ஓர் உதாரணம். நெட் தேர்வில் தேறாத ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் அப்போது தரப்பட்டுவந்த உதவித்தொகை எம்.பில்.லுக்கு மாதம் 5,000 ரூபாய், பிஎச்.டி.க்கு 8,000. அதை நிறுத்துவது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) முடிவெடுத்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது கைச்செலவுக் காசு. மற்றவருக்கு ஆராய்ச்சியைத் தொடர்வதா, ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வி. சில நாட்களில் தில்லி ஐ.டி.ஓ. பகுதியிலுள்ள யு.ஜி.சி. அலுவலக வாசலில் மாணவர்கள் குவிந்துவிட்டார்கள். ஜே.என்.யு. மட்டுமல்ல, தில்லி பல்கலைக்கழகம், ஜாமியா மாணவர்களும் வந்தார்கள். குளிர் தொடங்கிய பிறகும் நடைபாதையை விட்டு நகரவில்லை. உதவித்தொகை நிறுத்தப்படாது என்று மத்திய அரசு சொல்ல வேண்டிவந்தது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1975 செப்டம்பரில், நெருக்கடிநிலை நாட்களில், வகுப்புப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது சாதாரண உடையில் வந்த போலீசார் மாணவர் தலைவர் டி.பி. திரிபாதி என்று நினைத்து பிரபீர் புர்காயஸ்தாவைக் காரில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆள் மாறாட்டம் தெரிந்த பிறகும் அவர் விடுதலையாக ஓராண்டு ஆயிற்று. நெருக்கடிநிலை முடிந்து 1977இல், சென்னையில் பிறந்தவரான சீதாராம் யெச்சூரி, பல்கலைக்கழக வேந்தர் பதவியை விட்டு விலகக் கோரும் மனுவை இந்திரா காந்தியை அருகே நிற்கவைத்தே வாசித்த புகைப்படம் பிரசித்தம். எழுதியதை உரக்க வாசிப்பது அந்த வளாகத்தின் பழைய வழக்கம்.

2019இல் சுவர்கள் வெறுமையாயின. 2007ஆம் ஆண்டின் தில்லி சொத்து உருக்குலைப்புத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி நிர்வாகம் சுவரொட்டிகளை அகற்றியது. இந்தச் சட்டப்படி அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்போது துணைவேந்தர் எம். ஜெகதேஷ் குமார். பிற்பாடு 2022இல் யு.ஜி.சி. தலைவரானவர்.

நிர்வாகத்தின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஜே.என்.யு.வுக்கு வடக்கே இருக்கும் தில்லி பல்கலைக்கழகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மாணவர் சங்கத் தேர்தல் வந்துவிட்டால் அங்கே கல்லூரிச் சுவர் மட்டுமல்ல, மெட்ரோ தூண், பஸ் நிறுத்தம், போக்குவரத்துப் பலகை எதுவும் தப்பாது. தரை முழுக்கப் பளபளப்புத் தாள். முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதை மட்டும், அதற்கென ஒதுக்கிய இடங்களில் ஒட்டலாம். 'ஜனநாயகச் சுவர்' என்ற பெயரில் இடமும் ஒதுக்கினார்கள். வேட்பாளர்கள் கண்டுபிடித்த மாற்று வழி ரசிக்கத்தக்கது: அச்சடித்த சுவரொட்டியில் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ மாற்றியோ போட்டுவிடுவது. பிடிபட்டால் 'அது நானில்லை' என்று சொல்லிவிடலாமே! பொறுமையிழந்த தில்லி உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் வாக்குகளை எண்ணத் தடை விதித்தது. அசிங்கப்படுத்திய இடங்களைச் சுத்தம் செய்த பிறகுதான் எண்ணிக்கை. செப்டம்பர் 27இல் போட்ட வாக்குகளை நவம்பர் 25 வரை எண்ணவில்லை.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கையால் தீட்டிய சுவரொட்டி, குறைந்த செலவு, நேருக்கு நேர் விவாதம் என்று லிங்டோ குழு நாட்டுக்குச் சொன்னதில் பெரும்பகுதி ஜே.என்.யு.வில் ஏற்கனவே வழக்கத்தில் இருந்தது. அங்கே தேர்தலை நடத்துவதும் மாணவர்களே தேர்ந்தெடுத்த தேர்தல் குழுதான். அப்படியிருந்தும், வயது வரம்பு போன்ற விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தேர்தலுக்குத் தடை விதித்தது. மறுபடி தேர்தல் நடந்தது 2012 மார்ச்சில். பணத்தால் ஒட்டிய சுவரையும் பசையால் ஒட்டிய சுவரையும் ஒரே சட்டத்தால் கழுவுவது நிர்வாகத்துக்கு வசதி. இரண்டும் ஒன்று என்று வளாகத்தில் ஒரு நாள் சுற்றிப் பார்த்தவர் சொல்லமாட்டார்.

சுவர்கள் வெறுமையான அதே ஆண்டு அக்டோபரில் வந்தது புதிய விடுதி விதித்தொகுப்பு. இருவர் தங்கும் அறைக்கு மாத வாடகை 10 ரூபாயிலிருந்து 300. தனி அறைக்கு 20லிருந்து 600. இதற்குமேல் புதிதாக மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம். வரைவை முன்கூட்டியே சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்டோம் என்றது நிர்வாகம். எங்களைக் கலந்து பேசவே இல்லை என்றார்கள் மாணவர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அறிவிப்பு கொடுக்கப்பட்டது, செய்தி போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தபோது அக்டோபர் 28இல் விதிகள் நிறைவேறியிருந்தன. நவம்பர் 11இல் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த மத்திய அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் அரங்கத்தை விட்டு வெளியேற முடியாமல் மணிக்கணக்கில் உள்ளேயே இருக்க நேர்ந்தது. அந்த வாரமே கட்டண உயர்வின் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. நிர்வாகக் கட்டிடச் சுவர்களில் துணைவேந்தரைத் திட்டும் வாசகங்கள் கிறுக்கப்பட்டன. விவேகானந்தர் சிலையின் பீடத்தைக்கூட விடவில்லை. சுத்தம் செய்த சுவருக்குத் திரும்பி வந்தது ஓவியமல்ல, வசவு.

கட்டுப்பாடு அதோடு நிற்கவில்லை. 2023 நவம்பரில் நிர்வாகக் குழு ஒப்புதல் தந்த ஒழுங்கு விதிகளின்படி, வகுப்புகள் நடக்கும் கட்டிடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் தர்ணா நடத்தினால் 20,000 ரூபாய் வரை அபராதம். விடுதியிலிருந்து வெளியேற்றவும் செய்யலாம். ஆட்சேபகரமான சுவரொட்டியும் பிரசுரமும்கூடக் குற்றப் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் யு.ஜி.சி. நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதி, நாட்டின் சாதனைகளை விளக்கும் செல்ஃபி மூலைகளை வளாகங்களில் அமைக்கச் சொன்னது. அனுப்பிய மாதிரி வடிவங்களில் பிரதமரின் படம் இருந்தது. வளாகத்தில் படம் வைப்பதே கூடாது என்பதல்ல கொள்கை. யார் வைப்பது என்பதுதான்.

மாணவர்களும் ஒருவருக்கொருவர் இதில் சளைத்தவர்கள் அல்ல. 2023 பிப்ரவரியில் மாணவர் சங்க அலுவலகத்தில் நடந்த மோதலில் பெரியார் படம் சேதமானது. தமிழக மாணவர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழ, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கண்டித்தார். எதிரணியினரோ, சிவாஜி படத்தை அவமதித்தார்கள் என்று பதிலுக்குக் குற்றம் சாட்டினார்கள்.

சுவர் போனால் என்ன, கையில்தான் செல்போன் இருக்கிறதே என்பவர்கள் உண்டு. உண்மைதான், 2020இல் கொரோனா வந்து விடுதிகள் காலியானபோது வாட்ஸ்அப் குழுக்கள் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அதில் வரும் செய்தியின் குணம் வேறு. 2024 ஜூன் 18இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதினார்கள். மறுநாள் இரவு தேர்வு ரத்து என்ற அறிவிப்பு போனில் வந்து விழுந்தது. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்பட்ட விஷயம் 2022 டிசம்பரில் மக்களவையில் ஒரு கேள்விக்கு அமைச்சர் தந்த பதிலில் இருந்தது. இப்படிப்பட்ட செய்தியை அறைக்குள் தனியாகப் படிப்பதற்கும், மெஸ் மேஜையில் எதிரே இருப்பவரிடம் 'இது உனக்கும் உண்டா?' என்று கேட்டபடி படிப்பதற்கும் தூரம் அதிகம். குழுவில் பிடிக்காதவரை நீக்கிவிடலாம். எதிர்ச் சுவரை நீக்க முடியாது.

2019க்குப் பிறகு நான்காண்டுகளுக்கும் மேலாக ஜே.என்.யு.வில் தேர்தல் இல்லை. 2024 மார்ச்சில் நடந்தது. பர்ச்சாக்கள் மேஜைக்கு வந்தன. பறை முழங்க வந்த ஆதரவாளர்கள் நடுவே வழக்கம்போலத் தலைவர் பதவி வேட்பாளர்களின் விவாதம் நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. வாக்குப் பதிவு 73 சதவீதம், 12 ஆண்டுகளில் அதுவே அதிகம். வரிசையில் நின்றவர்களில் பலர் அந்த வளாகத்தில் ஒரு தேர்தலை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள்.