தாத்தாவின் மெடல் அசல்தானா?

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு ஐ.சி., கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றிய ஒரு மெடல் கிடந்தாலும் கிடக்கும். தாத்தா அவசரகாலத்தில் போலீஸில் இருந்திருப்பார். அல்லது அவருக்கு முந்தின தலைமுறையில் யாரோ இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்திருப்பார். அதை வாங்கிக்கொள்ள இன்று ஆள் இருக்கிறது. அதனால்தான் போலிகளும் இருக்கின்றன.

ஏமாற்று இரண்டு வகையில் வரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றி வேலை செய்த மெடலை அசல் என்று உங்கள் தலையில் கட்டுவது ஒன்று. உங்களிடம் உள்ள அசலைப் பார்த்து, "இது டூப்ளிகேட், பத்து வெள்ளி தருகிறேன்" என்று உதட்டைப் பிதுக்குவது இன்னொன்று. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்து என்பேன்.

நம் நாட்டோடு மிக நெருங்கிய மெடலையே எடுத்துக்கொள்வோம். 'ஜெனரல் சர்வீஸ் மெடல்' என்று பெயர். 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலையில் முடிந்த அவசரகாலத்தில் பணி செய்த ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. ரிப்பன் ஊதா நிறம், நடுவில் ஒரு பச்சைக் கோடு. ரிப்பனின் மேல் 'மலாயா' என்று எழுதிய சிறு பட்டை இருக்கும். மெடல் வெள்ளியால் ஆனது (ரிங்கிட்டைச் சொல்லவில்லை, உலோகத்தைச் சொல்கிறேன்). ஆகவே காந்தம் அதை இழுக்கக்கூடாது. இழுத்தால் பேச்சே வேண்டாம், போலி. இழுக்காவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. பித்தளையையும் காந்தம் இழுக்காதே!

உயிர்நாடி விளிம்பில் இருக்கிறது. பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் அந்த மெல்லிய ஓரத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பேர்போன படைப்பிரிவின் பெயர் இருந்தால் விலை ஏறும். ஆகவே சிலர் பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, வேறு பெயரைச் செதுக்குகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வெர்னியர் அளவுகோல் போதும். தோட்டத்துப் பட்டறையில் இருக்கும், கேட்டால் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். மெடலின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். அதைச் சுற்றித் திருப்பித் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். பெயர் உள்ள பக்கத்தில் மட்டும் அளவு குறைந்தால், அங்கே அரம் ஓடியிருக்கிறது. அளவு எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைவாக இருந்தால் கதை வேறு: அசலை வைத்து அச்சு எடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் அல்லவா? அப்படி வார்த்ததில் முகத்தின் கோடுகள் மழுங்கி, சின்னச் சின்னப் புள்ளிகளும் குழிகளும் தெரியும்.

அடுத்து எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அரசாங்கம் இந்த மெடலில் எழுத்துகளை அச்சால் அழுத்திப் பதித்தது. கையால் செதுக்கியதில் உளி உழுத தடம் தெரியும், ஓரம் பிசிறும். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பழைய இந்திய வெளியீடுகள் சிலவற்றில் சாய்ந்த கையெழுத்துப்போலச் செதுக்கியதே அசல். இன்னொன்று: மெடலைத் தொலைத்துவிட்ட வீரர் வேறொன்றை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டதும் உண்டு. அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. விலைதான் குறையும்.

பட்டையையும் தலையையும் சேர்த்துப் பாருங்கள். 'மலாயா' பட்டை உள்ள மெடலில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையோ எலிசபெத் ராணி தலையோதான் இருக்க முடியும். ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால், 1936-இல் இறந்துபோன மன்னருக்கு அவசரகாலம் எப்படித் தெரியும்? யாரோ இரண்டு மெடலைப் பிரித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் 'ஸ்டார்' மெடல்கள் தனிக்கதை. பிரிட்டிஷ் அரசு அவற்றைப் பெயர் இல்லாமலே கொடுத்தது. இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வீரர்களுக்குத்தான் பெயர் பொறித்துக் கிடைத்தது. பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை. இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒரு ஸ்டாரும், மற்றதன் பெயர் எழுதிய பட்டையும் கிடைக்கும். இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்டி, "ஒரே வீரருடையது" என்று விற்றால் நம்பாதீர்கள்.

தொப்பி பேட்ஜுகளில் கிரீடத்தைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்துக் கிரீடத்தின் வளைவு குவிந்து நிற்கும். எலிசபெத் காலத்தில் அது நடுவில் அமுங்கிப் பள்ளமாயிற்று. அமுங்கிய கிரீடத்தைக் காட்டி 1941 சண்டையில் அணிந்தது என்றால், சொல்பவர் சரித்திரம் படிக்கவில்லை.

நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். 1943-இல் ஜான்சி ராணிப் படைக்குப் போன நம் பெண்களும் உண்டு. அதனால் அந்தப் பேட்ஜ் என்றால் நமக்கு மனம் இளகிவிடுகிறது. அதுவே விற்பவனுக்கு வசதி. மூவண்ணத்தில் பாயும் புலியும் 'ஃப்ரைஸ் இண்டியன்' என்ற ஜெர்மன் எழுத்தும் உள்ள துணி பேட்ஜ், ஜெர்மனியில் திரட்டிய இந்தியப் படையினர் அணிந்தது. மலாயாவில் சேர்ந்த தாத்தாவின் சட்டையில் அது எப்படி வரும்? துணி பேட்ஜ் எதுவானாலும் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் பிடியுங்கள். துணியை வெண்மையாக ஒளிரவைக்கும் ரசாயனம் போருக்குப் பிறகே பரவலாக வந்தது. நூல் பளிச்சென்று நீலமாய் மின்னினால் சந்தேகப்படலாம். பாட்டி அதைச் சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் மின்னும் என்பதை மறக்காதீர்கள்!

மெடலைப் புளி, சாம்பல், பிராஸோ எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேயத் தேய விளிம்பு எழுத்து மழுங்கி, அசலே ராவியதுபோல் ஆகிவிடும். உருக்கவும் கொடுக்காதீர்கள். 1979-80-இல் வெள்ளி விலை எகிறியபோது முதல் உலகப் போர் மெடல்கள் எத்தனையோ உருகிப் போயின. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒருவர் பெயர் இருந்தது. அந்தப் போருக்கான மெடல் பதிவேடுகள் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் எழுத்துப் பிசகாமல் நோட்டில் குறித்துக்கொண்டால், பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்ப்பார்கள். ஓய்வூதியக் கடிதம், சீருடையில் எடுத்த படம் எது இருந்தாலும் மெடலோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

கடைக்காரரிடம் காட்டத்தான் வேண்டுமென்றால், இரண்டு கடையிலாவது காட்டுங்கள். உங்கள் கண்ணெதிரே பார்த்துச் சொல்லட்டும். "நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால், அப்போதே கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.