காப்பிக்கு ஓர் அடிவிலை

மெக்சிகோவின் ஓஹாக்கா மலைகளில் காப்பிப் பழம் பறிப்பதும், தோல் நீக்கிக் கழுவுவதும், வெயிலில் உலர்த்துவதும் சிறு விவசாயிகள். முன்பு விலை சொன்னதோ இடைத்தரகர்கள்.

1988-இல் அந்த மலைக் காப்பி, ‘மாக்ஸ் ஹாவெலார்’ முத்திரையுடன் நெதர்லாந்துக் கடைகளுக்கு வந்தது. நியாய வணிக முத்திரைகளுக்கு அதுவே தொடக்கம்.

அந்த முத்திரை உறுதி தருவது ஓர் அடிவிலை; சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போகாத விலை. அது ஏன் வேண்டும்? 2001-இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. பல குடும்பங்கள் தோட்டத்தையே கைவிட்டன. 2023 முதல் நியாய வணிகத்தில், கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர் உறுதி. சந்தை ஏறினால் சந்தை விலையே கிடைக்கும். இயற்கை வேளாண்மை என்றால் இன்னும் 40 சென்ட். இவை போக, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பவுண்டுக்கு 20 சென்ட். பள்ளிக்கா, புதுக் கன்றுகளுக்கா என்று உறுப்பினர்களே கூடி முடிவெடுப்பார்கள்.

நேயர்களே, அடுத்த முறை காப்பித்தூள் வாங்கும்போது பொட்டலத்தில் நியாய வணிக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.