தேனீக்களுக்கும் வளவில் இடமளிப்போம்

மே 20ஆம் திகதியை உலகத் தேனீ தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2017இல் பிரகடனம் செய்தது. எனினும், தேனீயைக் காக்கும் பணி எமது வீட்டு வளவுகளிலேயே ஆரம்பமாக வேண்டும்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியலில் விரியும் அப்பூக்கள் நண்பகலளவில் கூம்பிவிடும். அச்சில மணி நேரத்தினுள் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கத் தேனீ வராவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். அவ்வேளையிற் கிருமிநாசினி விசிறுவோர் தமது விளைச்சலுக்குத் தாமே ஊறு செய்கின்றனர் என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். விசிறுவது தவிர்க்க முடியாததாயின், மாலையில், பூக்கள் கூம்பிய பின்னர் விசிறலாம்.

வேலியோரம் முருங்கை, துளசி, சூரியகாந்தி நாட்டுவோம். சிறு கற்கள் இட்ட சிரட்டையில் நீர் வைப்போம். மரப்பொந்திற் குடியிருக்கும் தேனீக்களைத் தீமூட்டிக் கலைக்காதிருப்போம். இவை செலவில்லாக் கருமங்கள். பயனோ எமது சமையலறைக்கே வந்துசேரும்.