பொந்து இல்லாத பறவைக்கு ஒரு பெட்டி



ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் அப்பிச்சிக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. போன வருஷம் அங்கே இடி விழுந்து பட்டுப்போன ஒரு மொட்டைத் தென்னையை வெட்டினோம். மரம் சாய்ந்த பிறகுதான் அதில் பொந்து இருந்ததே தெரிந்தது. உள்ளே இரண்டு கிளிக்குஞ்சுகள். இரண்டுமே பிழைக்கவில்லை. "பட்ட மரந்தானேன்னு நெனச்சுட்டனே கண்ணு" என்று அப்பிச்சி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மரங்கொத்தியும் குக்குறுவானும் தாங்களே மரத்தைக் குடைந்து வீடு கட்டிக்கொள்ளும். கிளி, மைனா, புள்ளி ஆந்தை, குண்டுகரிச்சான் இவற்றால் அப்படிக் குடைய முடியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து, கிளை ஒடிந்து உளுத்த ஓட்டை, இப்படி ஏதாவது கிடைத்தால்தான் முட்டையிடும். பட்ட மரத்தையெல்லாம் நாம் விறகாக்கிவிட்டால் அவை எங்கே போகும்? அதனால்தான் பெட்டி செய்ய ஆரம்பித்தேன்.

முதல் பெட்டி படுதோல்வி. மெல்லிய பிளைவுட்டில் செய்து, தகரக் கூரை போட்டேன். அழகுக்காக வாசலுக்குக் கீழே ஒரு குச்சியும் வைத்தேன். ஒரு குண்டுகரிச்சான் ஜோடி வந்து நான்கு முட்டை இட்டது. பெட்டைதான் அடைகாக்கும். ஆண் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து பாடும். பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் குஞ்சு பொரித்தது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்தக் குச்சிமேல் ஒரு வால்காக்கை ஜம்மென்று உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடியும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

குச்சி வைத்தது நான். பொந்தில் வாழும் பறவைக்குக் குச்சியே வேண்டாம், அது மரத்தைப் பற்றிக்கொண்டே நுழைந்துவிடும். இன்னொரு தப்பு, வாசலைத் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டேன். நிஜப் பொந்து ஆழமாக இருக்கும், வெளியிலிருந்து எட்டினால் குஞ்சு கிடைக்காது.

இரண்டாவது பெட்டிக்கு முக்கால் அங்குலக் கனமுள்ள பழைய மாம்பலகை எடுத்தேன். கனமான பலகை வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடாது. அடிப்பலகை 15 செ.மீ. சதுரம், உயரம் 30 செ.மீ. வாசல் 5 செ.மீ. அகல வட்டம், தரையிலிருந்து 18 செ.மீ. மேலே. வட்டத்தை ஆசாரி மாமா துளைத்துக் கொடுத்தார். கூரையைச் சரிவாக வைத்து வாசலுக்கு மேல் நீட்டிவிட்டேன். தண்ணீர் வடிய அடியில் நான்கு சின்ன ஓட்டை, காற்றுக்குப் பக்கவாட்டில் மேலே இரண்டு. முக்கியமான ஒன்று: வாசல் பலகையின் உள்பக்கத்தை இழைக்காதீர்கள். உளியால் கீறிவிடுங்கள், குஞ்சுகள் அதைப் பிடித்துத்தான் ஏறி வெளியே வரும். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் கூடாது.

எங்கள் பக்கம் ஆடிச்சாரல் மேற்கேயிருந்து அடிக்கும். சாயங்கால வெயிலும் அங்கிருந்துதான். அதனால் வாசல் கிழக்கே பார்க்கட்டும். பத்தடி உயரத்தில் கட்டினேன். ஆணி அடிக்கவில்லை. கம்பிக்குள் பழைய சைக்கிள் டியூப் மாட்டிக் கட்டினால் மரப்பட்டை அறுபடாது. மரம் பருக்கும் என்பதால் வருஷம் ஒருமுறை கம்பியைத் தளர்த்த வேண்டும்.

இதே ஆனைமலைக் காட்டில் இருக்கும் இருவாச்சிக்கு இந்தப் பெட்டி மூக்கு நுழையக்கூடப் பத்தாது! பெட்டை இருவாச்சி பெரிய மரப்பொந்துக்குள் போய், சின்னப் பிளவு மட்டும் விட்டு வாசலைப் பூசிக்கொள்ளும். ஆண் பழம் கொண்டுவந்து மாதக்கணக்கில் ஊட்டும். சிங்கப்பூரின் உபின் தீவில் இருவாச்சியில் ஒரு சிறிய இனத்துக்குப் பெரிய பெட்டிகள் வைத்து, அவற்றில் குஞ்சுகளும் பொரித்திருக்கின்றன.

எங்கள் தோப்பில் இப்போது மூன்று பெட்டி தொங்குகிறது. ஒன்றில் கொசுத்தேனீ குடியேறிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மைனா பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் இந்தப் பங்குனியில் குண்டுகரிச்சான் வந்து, மூன்று குஞ்சுகள் பறந்துபோயின. நான் தூரத்தில் நின்றுதான் பார்த்தேன், மூடியைத் திறக்கவே இல்லை.

பலகை மீதி இருக்கிறது. செய்ய ஆசையுள்ளவர்கள் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னிடம் சொல்லுங்கள். மார்கழிக்குள் கட்டிவிட்டால் அடுத்த பங்குனிக்குத் தயாராக இருக்கும்.