கோவையைச் சுற்றி ஒரு தீவுக்கூட்டம்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது, தீவுகள் உண்டு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, அதையொட்டிக் கிழக்கே பழனிமலை. இவற்றின் உச்சிகளை உயிரியலாளர்கள் 'வானத்தீவுகள்' என்கிறார்கள். இங்கே கடலின் வேலையைச் செய்வது சமவெளியின் வெக்கை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேலே குளிருக்குப் பழகிய சின்னப் பறவைக்குக் கீழே இருக்கும் பல்லடமும் கிணத்துக்கடவும் கடக்க முடியாத நீர்ப்பரப்பு மாதிரிதான்.

இந்தத் தீவுகளுக்கு நடுவே ஒரு நீரிணையும் இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அடியோடு அற்றுப்போகிறது. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் ஓடியது இந்த வாசல் வழியாகத்தான். ஆடிக்காற்று நுழைந்து உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே வழியில். காற்றுக்கும் ரயிலுக்கும் வாசலான இடம் சோலைப் பறவைகளுக்கு மட்டும் சுவராகிவிட்டது.

சோலைக்கிளியைப் பாருங்கள். கிளி என்று பெயரே தவிர, காட்டுத் தரையில் இலைச்சருகைக் கிளறிப் பூச்சி பிடிக்கும் கருநீலக் குருவி அது. நீலகிரியில் இருப்பதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. ஆனைமலையிலும் பழனிமலையிலும் இருப்பதற்கு வயிறு வெள்ளை. சிரிப்பான் பறவையிலும் இதே கதைதான்: கணவாய்க்கு வடக்கே இருப்பவை வேறு, தெற்கே இருப்பவை வேறு. பறவை ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டு, 2017இல் இவற்றைச் சோலிகோலா, மான்டெசின்க்லா என்ற இரண்டு புதிய பேரினங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை கிடையாது. பல இலட்சம் ஆண்டுப் பிரிவு இது. அவ்வளவு ஏன், நடந்தே கடந்துவிடக்கூடிய யானைகளிலும்கூட நீலகிரிக் கூட்டத்துக்கும் ஆனைமலைக் கூட்டத்துக்கும் மரபணு வேறுபாடு இருப்பதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

தீவுகளின் மனித வரலாற்றில் கோவைக்கு நேரடிப் பங்குண்டு. 1819இல் நீலகிரி ஏறிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். 1868இல் நீலகிரி தனியாகப் பிரிந்தது கோவை மாவட்டத்திலிருந்துதான். பின்னால் வந்தவை தெரிந்த கதை: காப்பி, தேயிலை, யூகலிப்டஸ், சீகை என்று இங்கே சொல்லப்படும் வாட்டில். பள்ளத்தில் சோலை, சரிவில் புல் என்றிருந்த மலையைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்குப் புல் தரிசாகத் தெரிந்தது. மரம் நட்டார்கள்.

அது தரிசு அல்ல என்பதற்குச் சேறு சாட்சி. நீலகிரியின் சதுப்புகளில் செடிகொடிகள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. வெப்பநாட்டுப் புல்லும் மரமும் தம் உடலில் விட்டுச்செல்லும் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் வேறுவேறு. ஆகவே எந்த அடுக்கில் எது செழித்திருந்தது என்று கணித்துவிடலாம். சூழலியலாளர் ராமன் சுகுமார் குழு 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, பனியூழி உச்சத்திலிருந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சியில் அங்கே புல்லே ஓங்கியிருந்தது. கோடரிக்கு வெகுகாலம் முந்தைய புல் அது. இன்றும் மார்கழி, தை மாத உறைபனி சோலை மரக் கன்றுகளைப் புல்வெளியில் தலையெடுக்க விடுவதில்லை.

அந்தப் புல்தான் இப்போது வேகமாகப் போகிறது. பழனிமலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி தோட்டமாகவும் விளைநிலமாகவும் மாறியிருந்தது. வரையாட்டுக்கு மேய்ச்சல் இத்தகைய புல்வெளிகளில்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெப்பநிலை 1 டிகிரி கூடினால், அதே குளிரைத் தேடி உயிர்கள் ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போகவேண்டும். கடல் மட்டம் உயர்ந்தால் தீவு சுருங்குவதுபோல இங்கே வெக்கை ஏற ஏற உச்சி சுருங்கும். தொட்டபெட்டாவுக்கு மேலே போக இடமில்லை.

கோவையில் மரம் நடும் அமைப்புகளுக்குக் குறைவில்லை, நல்ல காரியம். நொய்யல் கரையில் நடுங்கள், குளக்கரையில் நடுங்கள், தெருவில் நடுங்கள். மலையுச்சிப் புல்வெளியில் மட்டும் தயவுசெய்து நடாதீர்கள்.