காரைத் தாழ்த்தினால் டயர் காலி!
ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதாது

சென்னை,

தரையை ஒட்டிக்கொண்டு சீறும் ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டால் வாலிபர்களுக்கு ஒரு கிறக்கம். "நம்ம வண்டியையும் அந்த மாதிரி எறக்கிக் கொடுங்கண்ணே" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறார்கள்.

விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே தலையாட்ட மாட்டார். "ஸ்பிரிங் மாத்திடலாம் சார். அலைன்மென்ட்டுக்கும் காசு வச்சிருக்கீங்களா?" என்பார்.

அதில்தான் இருக்கிறது சங்கதி!

என்ன லாபம்?

கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையான, விறைப்பு கூடிய ஸ்பிரிங் போடுவார்கள். வண்டி 3, 4 செ.மீ. இறங்கும். பாரம் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் வளைவில் கார் சாய்வது குறையும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் ஓடும் கார்கள் தாழ்ந்து கிடப்பது அழகுக்காக அல்ல, இதற்காகத்தான்!

முகத்தில் பாயும் ஸ்பிரிங்

அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கோடு விளையாடக் கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை இருபுறமும் மாட்டி, சமமாக இறுக்கிய பிறகே மேல் நட்டில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் ஸ்பிரிங் எகிறி முகத்தைப் பெயர்த்துவிடும். ஆளே போய்விடவும் கூடும்!

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்கு, கார் நாலு சக்கரத்திலும் நின்ற பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

கம்பி தெரியுது சார்!

கார் இறங்கியதும் பெரும்பாலும் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். இரண்டு சக்கரமும் நேராக ஓடுகிறதா, ஒன்றையொன்று பார்க்கிறதா, விலகுகிறதா என்பது டோ. இதுவும் மாறிவிடும்.

டோ கெட்டால் டயர் உருளுவதோடு தரையில் தேய்ந்துகொண்டும் போகும். வெளியே பார்த்தால் பட்டன் புதுசு. குனிந்து பார்த்தால் உள்விளிம்பில் கம்பி! வேகத்தில் அது வெடித்தால்...?

புது ஸ்பிரிங் சில நாள் ஓடித்தான் படியும். ஆகவே மாற்றிய அன்று ஒரு தடவை, படிந்த பிறகு ஒரு தடவை அலைன்மென்ட் பார்ப்பது நல்லது. முதலில் கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை அசைத்தால் டோவும் அசையும் அல்லவா?

சட்டம் சும்மா விடாது

பந்தயத் திடல் வேறு, மவுண்ட் ரோடு வேறு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே!

போலீஸ் பிடிக்காவிட்டாலும் வேகத்தடை பிடிக்கும். முறைப்படி போட்ட மேடே 10 செ.மீ. உயரம். தெருக்காரர்கள் தாங்களாகவே போட்டதற்கோ கணக்கே கிடையாது. தாழ்ந்த கார் அதில் ஏறினால் அடிவயிறு 'கர்ர்ர்'!