உன் ஆளு எங்கே?

ஓசூரில் காலை ஆறு மணி. சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கும் நேரம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், மார்கழியில் பல் கிட்டும். ஒரு பள்ளியின் சிமென்ட் தளத்தில் எட்டுப் பையன்கள், நாலுக்கு நாலு. பந்து வலது ஓரத்தில் இருக்கிறது. இடப்பக்கம் தடுப்பில் நிற்கும் ஆறேகால் அடிப் பையன் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பயிற்சியாளர் விசில் ஊதுகிறார்.

"பந்து எங்க?"

"அங்க சார்."

"உன் ஆளு?"

பையன் திரும்புகிறான். அவன் காக்க வேண்டியவன் முதுகுக்குப் பின்னால் நழுவி, ரிங்குக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"ஒரு கையால பந்தைக் காட்டு. இன்னொரு கையால உன் ஆளைக் காட்டு. தலையைத் திருப்பாம ரெண்டையும் எங்க நின்னா பார்க்க முடியுதோ, அதான் உன் இடம்."

கூடைப்பந்தில் இதை 'ஹெல்ப் சைடு' என்கிறார்கள். பந்து இல்லாத பக்கம் நிற்பவன் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கூடைக்கு நேராக மைதானத்தை நீளவாக்கில் பிளக்கும் ஒரு கோட்டை மனத்தில் போட்டு, அதன்மேல் ஒரு காலாவது இருக்கும்படி உள்ளே வந்து நிற்க வேண்டும். எதிரணிக்காரன் தன் காவலனைத் தாண்டி உள்ளே பாய்ந்தால், முதல் ஆளாகக் குறுக்கே போக வேண்டியவன் இவன்தான். அந்த வேலை பெரும்பாலும் அணியிலேயே உயரமானவன் தலையில் விழுகிறது.

நம் ஊர்களில் உயரமான பையனுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். ரிங்குக்கு அடியில் நிறுத்தி, கையைத் தூக்கிக்கொண்டு நில் என்று விட்டுவிடுகிறார்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி தடுப்பவன் ரிங்குக்கு முன்னால் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் தப்பில்லை, அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் இருப்பதுபோல் தடுப்பவனுக்கு மூன்று விநாடிக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே ஆளை விட்டு இடத்தைக் காக்கும் 'ஸோன்' போட்டு, நெட்டையனை நடுவில் நட்டுவைத்தால் மாவட்ட அளவில் ஜெயித்துவிடலாம். பள்ளிக்குக் கோப்பை வரும், பையன் மட்டும் வளராமல் நின்றுவிடுவான். அடுத்த கட்டத்தில் சென்னை, கோவை அணிகள் மூலையிலிருந்து 6.6 மீட்டர் தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கு எறியும்போது, நட்டுவைத்த தூண் எட்டி என்ன செய்யும்? ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. அங்கே மரத்தளத்தில் விளையாடிப் பழகியவர்களோடு மோதும்போதும் இதே கதைதான்.

உயரத்தை மட்டும் நம்பியவன் செய்யும் இன்னொரு தவறு, எல்லாப் பந்தையும் தட்டப் பார்ப்பது. எதிரி ஒருமுறை தோளைக் குலுக்கினால் இவன் குதித்துவிடுவான். இறங்கும்போது கை அவன்மேல் விழும். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் 'பிளாக்' என்ற சொல்லையே முதல் மாதங்களில் எடுப்பதில்லை. சீக்கிரம் போய் நில், நேராகக் குதி, கை வானத்தைப் பார்க்கட்டும். பந்து போகாவிட்டாலும் எறிபவன் கோணம் கெட்டுவிடும், அதுவே போதும். மோதலை நெஞ்சில் வாங்கி விழுந்து, எதிரிமேல் ஃபவுல் வாங்கும் உத்தியும் இருக்கிறது. சிமென்ட் தளத்தில் வளரும் பையனை அப்படி விழச் சொல்ல எனக்கு மனம் வராது. முட்டி வலி ஏற்கெனவே படுத்தும் வயது.

இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. கிருஷ்ணகிரி கிராமங்களில் கபடி தெரியாத பையன் குறைவு. கார்னரில் நிற்பவன் காலைப் பிடித்தால் பக்கத்துக் கவர் ஆள் அதே நொடியில் மேலே விழ வேண்டும். தாமதித்தால் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவான். தனியாகப் பிடிக்கப் போகாதே என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. பஞ்சாபின் அம்ரித்பால் சிங்கை நினைத்துக்கொள்கிறேன். விவசாயக் குடும்பத்துப் பையன், கபடி ஆடிக்கொண்டிருந்தவர், பத்தொன்பது வயது வாக்கில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். லூதியானா அகாடமியில் அவரையும் சக வீரர் அம்ஜ்யோத் சிங்கையும் உருவாக்கியவர் சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர். 2015இல் என்.பி.ஏ. தேர்வுப் பட்டியலில் 52வது ஆளாக இடம்பிடித்த சத்னாம் சிங்கும் அவரிடம் படித்தவர்தான். 2013இல் சுப்பிரமணியன் காலமானார். மறு ஆண்டு வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் அம்ரித்பாலும் அம்ஜ்யோத்தும் ஆடிய இந்தியா முதன்முறையாகச் சீனாவை வீழ்த்தியது, 65க்கு 58. சொந்த மண்ணில் ஆடிய சீனாவை 58இல் நிறுத்தியது என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. எவ்வளவு உயரமானவனானாலும் தனி ஒருவன் செய்யும் காரியமல்ல அது. அம்ரித்பாலை 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் ஒப்பந்தம் செய்தது.

கபடி கற்றுத்தராத ஒன்று, வாய். ஹெல்ப் சைடில் பின்னால் நிற்பவனுக்குத்தான் மொத்த ஆட்டமும் தெரியும். முன்னால் பந்தோடு போராடுகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. 'ஸ்கிரீன் வருது', 'நான் இருக்கேன், விடு' என்று இவன்தான் கத்த வேண்டும். ஆனால் நெட்டையான பையன்கள் பலர் பேசுவதில்லை. சின்ன வகுப்பிலிருந்தே கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்டு, எல்லாரும் பார்க்கிறார்களே என்று தோளைக் குறுக்கிக்கொண்டு வளர்ந்தவர்கள். ஓசூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே அணியில் வீட்டில் தெலுங்கு பேசுபவன், கன்னடம் பேசுபவன், உருது பேசுபவன், அப்பா வேலைக்கு வந்ததால் இந்தியோடு வந்து சேர்ந்தவன் எல்லாரும் இருப்பார்கள். அவசரத்தில் தாய்மொழிதான் வரும். அதற்காகவே அந்தத் தளத்தில் மூன்றே சொல் வைத்திருக்கிறார்கள்: 'பால்', 'ஹெல்ப்', கூடையை நோக்கி வெட்டி ஓடுபவனைக் காட்ட 'கட்டர்'. ஓடும்போது சொல்லவில்லை என்றால் ஒரு சுற்று ஓட வேண்டும்.

பந்து மறுபடி வலது ஓரத்துக்குப் போகிறது. காற்றில் இருக்கும்போதே அந்தப் பையன் இரண்டு எட்டு உள்ளே வந்துவிட்டான். பந்தோடு ஒருவன் பாய்கிறான். இவன் கரகரத்த குரலில் "ஹெல்ப்" என்று கத்திக்கொண்டே குறுக்கே போய், கையைத் தூக்கி நிற்கிறான். பாய்ந்தவன் தடுமாறிப் பந்தைக் கைமாற்றுகிறான். அது இவன் விட்டுவந்த ஆளிடமே போய்ச் சேர, அவன் நிதானமாகக் கூடையில் போடுகிறான்.

விசில். பையன் தலையைத் தொங்கப்போடுகிறான். பயிற்சியாளர் அவனைப் பார்க்கவே இல்லை. மேலே, அரைவட்டத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்ட குள்ளமான பையனைக் கூப்பிடுகிறார்.

"அவன் உதவிக்குப் போயிட்டான். அவன் ஆளை யாருடா பார்க்கிறது?"